செண்பகவல்லியின் நிழல்

"சோதனை நிறைவுற்றது. குறை ஏதேனும் உண்டா?"

திரையில் வருவதை வாசித்துச் சொல்லும் காதுக்கருவி மூன்றாவது தடவையும் இதையே கேட்டது. விண்ணப்ப எண் மட்டும் வரவில்லை. செண்பகவல்லி எரிச்சலோடு கருவியை அணைத்தாள். அரசுக் குடியிருப்பில் தரைத்தள வீட்டுக்கு மாற மனுப்போட இன்று ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மின்தூக்கி பழுதாகும் நாளெல்லாம் அவள் கணவர் சக்கர நாற்காலியோடு மூன்றாம் மாடியிலேயே அடைந்து கிடக்கிறார்.

விவரம் கேட்க அவள் வந்திருந்த கோவில்பட்டி இணையச்சேவை அலுவலகம் அவளுக்குப் புதிதல்ல. பிறவியிலேயே பார்வையில்லாத அவள் அங்கேதான் ஒன்பது வருடம், பார்வையில்லாதவர்களும் பயன்படுத்த முடிகிறதா என்று அரசு இணையத்தளங்களைச் சோதித்தாள். பிறகு அவள் விரல் போகும் போக்கை அப்படியே படியெடுத்து 'நிழற்பயனர்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். தினமும் விடியுமுன் நானூற்றுப் பன்னிரண்டு தளங்களையும் அது சோதித்துவிடும். அவளுக்குப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவைத்தார்கள்.

அலுவலகப் பொறியாளர் பெனடிக்ட் அவள் மனுப்போட்ட பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். உடனே சிரிப்பை அடக்கிக்கொண்டான்.

"அக்கா, இப்பவும் கடைசிப் பொத்தானத் தேடிட்டு, கீழருந்து மேலதான் நிரப்புறீங்களா?"

"நாப்பது கட்டத்த நிரப்பின பெறவு பொத்தான் எட்டலன்னா என்ன செய்ய? பட்டவளுக்குத்தான் தெரியும்."

"ஒலகத்துல அப்படி நிரப்புறது நீங்களும் ஒங்க நிழலும்தான். தளம் ஒங்கள நிழல்னு நெனச்சிருச்சு. நிழல் போட்ட மனுவச் சோதனைன்னு அப்பவே அழிச்சிரும்."

"நான் ஆளுன்னு சொல்லு."

"அதுக்குப் பொத்தான் வைக்கலையே. நிழல் அசல் ஆள் மாதிரியே நடக்கணும்னு கேட்டது நீங்கதான்."

விவரத்தைச் சொன்னால் தானே நிரப்பித் தருவதாகச் சொன்னான். இன்னொருத்தர் கையை நம்பி மனுப்போடக் கூடாது என்றுதான் ஒன்பது வருடம் இங்கே உட்கார்ந்திருந்தேன் என்றாள் அவள். பிறகு, நிழல் குறை சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

அதற்கான விதி அவளே சண்டைபோட்டு வாங்கியதுதான். குறையுள்ள தளம் நின்றுவிடும். சரியாகும்வரை கெடுவும் ஓடாது.

"நிழல் குறை சொல்லி நாலு வருசமாச்சுக்கா. எல்லாத் தளத்தையும் அதுக்குத் தோதாத்தான கட்டுறாங்க."

செண்பகவல்லி நான்காவது தடவை கீழிருந்து மேலே நிரப்பி முடித்தாள்.

"குறை ஏதேனும் உண்டா?"

"உண்டு. மனுப்போட வந்த ஆளுக்கு மனு எண் கிடைக்கல."

காதுக்கருவி அதைப் பதிவுசெய்துகொண்டது. "குறை ஏற்கப்பட்டது. எல்லாத் தளங்களுக்கும் இக்குறை பொது."

மாநிலம் முழுக்க நானூற்றுப் பன்னிரண்டு தளங்களும் நின்றன. கெடுவும் நின்றது. பெனடிக்டின் தொலைபேசி ஓயாமல் அடித்தது. திரையில் வந்த ஆணையை அவன் வாசித்தான்: "குறையைச் சரிபார்க்க உண்மையான பயனர் ஒருவர் தேவை. இத்தளத்தில் விண்ணப்பிக்கவும்."

தளம்தான் நின்றுபோயிருந்ததே.

செண்பகவல்லி கைநீட்டித் தன் பழைய நாற்காலியைத் தேடினாள். அதன்மேல் கோப்புகளை அடுக்கியிருந்தார்கள்.

"இதையெல்லாம் எறக்கி வை" என்றாள்.