கஜபதிக்கு ஒரு ப்ரமோஷன்

"அய்யோ...!"

ஒரே ஒரு அலறல்!

1990. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருந்த அந்தத் தொழிற்சாலையின் மெஷின்கள் அத்தனையும் நின்றன.

'லா ஆபீசர்' என்று பலகை தொங்கிய அறைக்குள் கஜபதி பேனாவைக் கீழே போட்டான். கதவைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தார் ஃபோர்மேன் கலியமூர்த்தி. சட்டையெல்லாம் ரத்தம்.

"சார்... நம்ம தஸ்தகீர் செத்துப் பூட்டான் சார்!"

"எ... எப்படி?"

"தகட்ட எடுக்க பிரஸ் மெஷினுக்குள்ள குனிஞ்சான். மேல் அச்சு எறங்கிச்சு... கார்டு இருந்தா வெரலு கூட உள்ள பூந்திருக்காது சார்!"

கார்டு என்பது மெஷின் வாயில் மாட்டும் இரும்புக் கூண்டு. வேலை வேகம் குறைகிறது என்று இரண்டு வாரம் முன்பு அதைக் கழற்றச் சொன்னவர் எம்.டி. பரந்தாமன்.

கலியமூர்த்தி பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"கார்ட மாட்டாங்காட்டி ஆளு செத்துடுவான்னு அன்னிக்கே எழுதிக் குடுத்தேன். அதும் மேலயே எம்.டி. இன்னா எழுதிக்கீறாரு பாரு!"

ஓரத்தில் சிவப்பு மை. 'கழற்றியது கழற்றியபடியே இருக்கட்டும்.' கீழே பரந்தாமனின் கையெழுத்து!

"இத்த வுட்டா வேற சாட்சி இல்ல. பூந்தமல்லில அவன் பொஞ்சாதி வாயும் வயிறுமா கீது. நீ சட்டம் பட்ச்சவரு... கைவுட்றாத சார்!"

"நான் பார்த்துக்கறேன்" என்றான் கஜபதி. அப்போது நிஜமாகத்தான் சொன்னான், பாவி!

ட்ரிங்... ட்ரிங்...

"கஜபதி... கலியமூர்த்தி உங்ககிட்ட ஓடி வந்ததைப் பார்த்தேன். அவர் கொடுத்த பேப்பரோட என் ரூமுக்கு வாங்க." பரந்தாமனின் குரல்.

கஜபதி காகிதத்தை எடுத்துக்கொண்டு நடந்தான். சட்டக் கல்லூரி முடித்துவிட்டு நாலு வருஷம் ஹைகோர்ட்டில் சீனியரின் கேஸ் கட்டைச் சுமந்தவன். சேக்காட்டில் ஒண்டுக் குடித்தனம். 'கருப்புக் கோட்டு போட்ட கூலி' என்று மாமனார் சொன்னது இன்னும் சுடுகிறது. அப்புறம்தான் இந்த வேலை, இந்த நாற்காலி. போன மாதம் ப்ரமோஷன் வேறு! மனைவி வனஜா தெருவுக்கே கேசரி கொடுத்தாள்.

மறுபடியும் கட்டுத் தூக்குவதா? முடியாது!

பரந்தாமன் சிகரெட் லைட்டரை மேஜை மேல் நகர்த்தினார்.

"தஸ்தகீரே கழட்டிட்டான்னு ரிப்போர்ட் எழுதிடுங்க. நீங்க இன்னும் பெரிய இடத்துக்கு வரவேண்டியவர்."

"சார்... அவன் சம்சாரம்..."

"உங்க சம்சாரத்தைப் பாருங்க."

தப்பு என்று தெரிந்தேதான் கொளுத்தினான். ஆஷ்ட்ரேயில் காகிதம் சுருண்டு கருகியது.

மதியம் தொழிற்சாலை ஆய்வாளர் லோகநாதன் பரந்தாமனின் அறைக்கு வந்தார். கஜபதியின் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"தொழிலாளியே கழட்டினாலும் அதைத் திரும்ப மாட்டாம மெஷினை ஓட விட்டது மேனேஜர் குத்தம். ரெண்டு வருஷம் வரை உள்ள போகலாம்."

"மேனேஜரைக் கூப்பிடவா சார்?" என்றான் கஜபதி, பவ்யமாக.

"வேண்டாம். எதிர்லதான் நிக்கறார்!"

ஃபைலைத் திருப்பிக் காட்டினார். போன மாதம் கம்பெனி அனுப்பிய படிவம். 'ஃபேக்டரி மேனேஜர்: கே. கஜபதி, பி.எல்.' அடியில் அவனுடைய கையெழுத்து!

ப்ரமோஷன் ஆர்டரோடு வந்த நாலைந்து காகிதங்கள்... சந்தோஷத்தில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டது... எல்லாம் ஞாபகம் வந்தது.

"ஐயோ! கழட்டச் சொன்னது எம்.டி. சார்!"

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

கஜபதி ஆஷ்ட்ரேயைப் பார்த்தான். வாசலில் நின்ற கலியமூர்த்தியும் பார்த்தார்.

"அட பாவி... கொளுத்திட்டியா?"

எரித்தேன் என்று சொன்னால் அதற்குத் தனிக் கேஸ். வனஜாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஆய்வாளரின் ஜீப் கிளம்பியதும் பரந்தாமன் நிதானமாக இண்டர்காமில் செக்ரட்டரியைக் கூப்பிட்டார்.

"பேபி, நாளைக்குப் பேப்பர்ல ஒரு விளம்பரம் கொடும்மா... லா ஆபீசர் தேவை. ஊரார் காகிதத்தை எல்லாம் கமா விடாமப் படிக்கணும்... தன் காகிதத்தை மட்டும் படிக்கவே கூடாது!"