அங்காளம்மாள் கழுத்துக் கத்தி

1999 புரட்டாசியில் ஒரு காலை ஏழு மணிக்கு அம்மாவோடு புடலைப் பந்தலுக்கு வேலைக்குப் போனேன். ஒட்டன்சத்திரம் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையின் கடைசியில் அந்தத் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தின் மூலையில்தான் எங்கள் வீடும். ஆனாலும் அதுவரை நான் பந்தலுக்குள் போனதில்லை.

இரண்டு ஏக்கர் பந்தல் அது. கல்தூண்களின் மேல் கம்பி வலை, வலையின் மேல் கொடி. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பச்சையான ஒரு இருட்டு இருக்கும். காய் வளையாமல் இறங்குவதற்காக ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் ஒரு சிறு கல்லைக் கட்டியிருப்பார்கள். தலைக்கு நேராக ஆயிரம் கற்கள் அசையாமல் தொங்கின.

ஒரு ஆள் குறைந்ததால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். குறைந்த ஆள் அங்காளம்மாள் அக்கா. அவர் இறந்து எட்டு நாள் ஆகியிருந்தது.

நான் இயற்பியல் பட்டம் முடித்துவிட்டு பி.எட். இடத்துக்காகக் காத்திருந்தேன். யாராவது பெயரைக் கேட்டாலே எனக்குப் பேச்சு வராது. அன்புக்கரசி என்று ஏழு எழுத்தைச் சொல்வதற்குள் வியர்த்துவிடும்.

மோட்டார் அறைச் சுவரில் வரிசையாக ஆணிகள். ஒவ்வொன்றிலும் ஒரு கத்தி. காய் அறுக்க இரண்டு கையும் மேலே வேண்டும். ஒரு கை காயைத் தாங்கும், மறு கை காம்பை அறுக்கும். அறுத்த காயை இறக்க மறுபடியும் இரண்டு கை. அதனால் கத்தியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். விரல் நீளத்தில் அலகு, மரப்பிடி, பழைய சைக்கிள் டியூபில் தைத்த உறை. மற்றவர்களுடையது நைலான் கயிற்றில் இருந்தது. கடைசி ஆணியில் இருந்தது மட்டும் இரும்புச் சங்கிலியில்.

வியர்வையில் கயிறு இற்றுப்போகிறது என்று அக்காதான் சங்கிலியில் கோத்துக்கொண்டவர்.

அம்மா அதை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் வைத்தாள். நான் அங்கிருந்து எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கொடுத்தால் பகை என்பார்கள். ஒருவர் கீழே வைப்பார், மற்றவர் எடுத்துக்கொள்வார்.

நான் சங்கிலியைத் தலைவழியாகப் போடும்போது அம்மா காதருகில் வந்தாள்.

"யார் கேட்டாலும் நெஞ்சுவலின்னு சொல்லு. அம்புட்டுத்தான்."

நெஞ்சுவலி இல்லை என்பது எனக்குத் தெரியும். அக்காவை எரித்த அன்று இரவே அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள்.

முதலாளி பாண்டியராஜ் காட்டுப்பன்றிக்காகப் பந்தலைச் சுற்றி முழங்கால் உயரத்தில் ஒரு கம்பி இழுத்திருந்தார். இரவில் மோட்டார் அறையிலிருந்து ஒரு கொக்கியை மாட்டி அதில் கரண்ட் விடுவார். விடிந்ததும் கொக்கியை எடுத்துவிட வேண்டும். அன்று மறந்துவிட்டார். எப்போதும் அக்காதான் முதல் ஆளாக உள்ளே போவார். சேலையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, குனிந்து, கம்பியைத் தாண்டியிருக்கிறார். கழுத்துக் கத்தி முன்னால் தொங்கியிருக்கிறது. உறையின் அடியில் ஒரு கிழிசல். காலுக்கு முன்னால் கத்தியின் முனை கம்பியைத் தொட்டுவிட்டது.

முதலாளி ஓடிப்போய்க் கொக்கியை எடுத்த பிறகுதான் சத்தம் போட்டார்; பின்னால் வந்த அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள் என்றார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவில்லை. மதியத்துக்குள் எல்லாம் முடிந்தது. குளிப்பாட்டிய பெண்கள் கழுத்தைச் சுற்றியிருந்த கறுப்பு வளையத்தைப் பார்த்தார்கள். சங்கிலி எப்படிக் கிடந்ததோ அப்படியே தீய்ந்திருந்தது. அம்மாதான் மஞ்சளைக் கெட்டியாகக் குழைத்து அதன்மேல் அப்பினாள். திருப்பூரிலிருந்து வந்த அக்காவின் மகன், பெரிய மாலை வாங்கிப் போட்டதற்காக முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

அம்மாவிடம் ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். வீடு யார் நிலத்தில் இருக்கிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோபத்தோடு நான் செய்தது ஒன்றுதான். ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டேன்.

இப்போது அக்கா இடத்தில் அம்மா முதல் ஆளாக உள்ளே போகிறாள். கொக்கி இன்னமும் இரவில் மாட்டப்படுகிறது. இன்னொரு நாள் அவர் மறந்தால், அது என் அம்மா.

முதல் நாள் பத்து மணி இருக்கும். எட்டாவது வரிசையில் தனியாக நின்றேன். ரப்பர் தீய்ந்த வாசனை வந்தது. கூடவே மயிர் கருகும் வாசனை. பக்கத்து வரிசையில் யாராவது எதையாவது கொளுத்துகிறார்களா என்று எட்டிப் பார்த்தேன். யாருமில்லை. பச்சைக் கொடியும் ஈர மண்ணும்தான்.

இரண்டாம் நாள் வாசனை என்னோடு நகர்ந்தது. நான் நின்றால் நின்றது.

மூன்றாம் நாள் நான் கையை உயர்த்திக் காம்பை அறுக்கும்போது பக்கத்தில் இன்னொரு காம்பு அறுபடும் சத்தம் கேட்டது. திரும்பினேன். ஒரு காய் தரையில் கிடந்தது. காம்பு சாய்வாக, சுத்தமாக அறுபட்டிருந்தது. அம்மாவிடம் காட்டினேன். அவள் காம்பை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அங்காளம்மா கைவாகு," என்றாள் மெதுவாக. பிறகு, "போட்டுட்டு வா" என்றாள்.

நான்காம் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை அம்மா முன்னால் நடந்தாள், நான் பின்னால். எங்களுக்குப் பின்னால் இன்னும் மூன்று பெண்கள், முந்தின நாள் சோற்றுக்கு வைத்த வெஞ்சனத்தைப் பற்றிப் பேசிச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். அம்மா கம்பியருகில் போய் இரண்டு கையாலும் சேலையைத் தூக்கினாள்.

என் நெஞ்சில் கிடந்த கத்தி எழுந்தது.

நான் குனியவில்லை. நேராகத்தான் நின்றிருந்தேன். கத்தி என் உடம்பை விட்டு விலகி, அந்தரத்தில் கிடைமட்டமாக நீண்டு நின்றது. சங்கிலி பிடரியில் இறுகியது. முனை கம்பியைக் காட்டியது.

இரும்பை இப்படி இழுக்கும் விசை எதுவும் ஒற்றைக் கம்பியில் இருக்க முடியாது. எனக்கு அது தெரியும். தெரிந்து ஒரு பயனும் இல்லை.

அம்மாவின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன். அவள் மல்லாந்து விழுந்தாள்.

"என்னடி, கிறுக்குப் புடிச்சுப் போச்சா?"

"கம்பியில கரண்ட் இருக்கு."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மோட்டார் அறைப் பக்கமிருந்து முதலாளி வந்துகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் காபி டம்ளர்.

"யாரு சொன்னா?" என்றார்.

"நான்தான்."

"ஏன் சுந்தரம்மா, ஒம் மகளுக்குக் காலேஜில வாயும் சேத்துக் குடுத்து அனுப்பிச்சாகளா?"

பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி பழக்கத்தில் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினாள்.

"கரண்ட் இருக்கு," என்றேன் மறுபடி. "அன்னைக்கும் இருந்துச்சு."

அவர் முகம் மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். மோட்டார் அறைக்குப் போய்க் கொக்கியைக் கையோடு கொண்டுவந்தார். அதன் வயர் அறுந்த வால்போலத் தொங்கியது. அதை எங்கள் முன்னால் ஆட்டிக் காட்டினார்.

"இந்தா கொக்கி. விடியுமுன்ன எடுத்தாச்சு. கண்ணு தெரியுதா? தோட்டத்தப் பத்தி ஊருக்குள்ள இப்பிடிப் பேசினா, சாமான் சட்டியெல்லாம் ரோட்டுல கெடக்கும், பாத்துக்க."

அவர் சொன்னது உண்மைதான். கொக்கி அவர் கையில் இருந்தது. கம்பி எதனோடும் சேரவில்லை.

கொக்கியைத் தூக்கி எறிந்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, கம்பியைத் தாண்டினார். ஒன்றும் ஆகவில்லை. உள்ளே நின்று எங்களைப் பார்த்துத் திரும்பினார். கம்பி அவருக்கும் எங்களுக்கும் நடுவில் இருந்தது.

"இரும்ப வச்சே காட்டுறேன். ஒரு கத்தியக் குடு."

சொல்லிவிட்டுக் கையைப் பின்னால் நீட்டினார். வேலைக்காரர்கள் எப்போதும் பின்னால்தான் நிற்பார்கள் என்ற பழக்கம்.

நாங்கள் ஐந்து பேரும் அவர் முன்னால் நின்றோம்.

அவருக்குப் பின்னால் கொடிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வந்தது. பச்சைக் கண்ணாடி வளையல். மணிக்கட்டு வரை மஞ்சள்.

அது கத்தியை அவர் உள்ளங்கையில் வைத்தது.

கைக்குக் கை.

நான் என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். சங்கிலி இருந்தது. கத்தியைக் கோத்திருந்த கொண்டி மாட்டியபடியே இருந்தது. கத்தி இல்லை.

அவர் குனிந்து அலகால் கம்பியைத் தட்டினார்.

உடம்பு ஒருமுறை விறைத்தது. வாய் திறந்தபடி நின்றது. சத்தம் வரவில்லை. பிடித்திருந்தது மரப்பிடியை. காய்ந்த மரத்தில் கரண்ட் ஏறாது. கம்பியிலோ கரண்டே கிடையாது. ஆனாலும் அவர் விரல்களிலிருந்து புகை வந்தது. பந்தலில் தொங்கிய அத்தனை கற்களும் அவர் பக்கமாகச் சாய்ந்து நின்றன.

தூணில் ஒரு காய்ந்த மூங்கில் கழி சாத்தியிருந்தது. எடுத்துக்கொண்டேன். கையில் அடித்தால் பிடி விடும். அதுவும் எனக்குத் தெரியும். ஒவ்வொரு நொடியும் என்ன செய்யும் என்பதும் தெரியும்.

அம்மா என்னைப் பார்த்தாள். அடி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அவர் கண்கள் என்னைக் கெஞ்சின. அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டே நான் எண்ணினேன். ஒன்று. மாலை. இரண்டு. மஞ்சள். மூன்று. மதியத்துக்குள் எரித்தது. நான்கு.

பிறகு அடித்தேன்.

அவர் பிழைத்தார். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. அன்று மாலையே நான் தாலுகா அலுவலகத்துக்கு மனு எழுதினேன். பேச வராத எனக்கு எழுத வந்தது. அங்காளம்மாள் எப்படிச் செத்தார் என்று ஒன்றரைப் பக்கம். அம்மா சாமான்களை மூட்டை கட்டத் தொடங்கினாள். என்னைத் தடுக்கவில்லை.

மின்வாரியத்திலிருந்து லைன்மேன் அப்பாஸ் அண்ணன் வந்து பார்த்தார். பியூஸ் பிடுங்கி இருக்கிறது, கம்பியில் எந்த இணைப்பும் இல்லை, இதில் ஒருத்தருக்குக் கரண்ட் அடித்திருக்கவே முடியாது என்றார். கம்பியைச் சுருட்டிச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார்.

ஒரு மாதம் கழித்துத் தாலுகா அலுவலகத்தில் விசாரணை. காலை பதினோரு மணி. ஜன்னல்களெல்லாம் திறந்திருந்தன. வெளியே யாரோ மனு எழுதுகிறவரோடு பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். கம்பிச் சுருள் அதிகாரியின் மேசைமேல் கிடந்தது.

முதலாளி கையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அதிகாரி கேட்டார். அவர் சொன்னார், அந்தம்மாவுக்கு ஏற்கெனவே நெஞ்சுவலி உண்டு என்று.

மேசையிலிருந்து ஒரு சத்தம் கேட்டது.

தீப்பெட்டிக்குள் அடைபட்ட வண்டு போல.

அதிகாரி நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அப்பாஸ் அண்ணன் கம்பிச் சுருளைப் பார்த்தார். முதலாளி சுருளை முதலில் பார்க்கவில்லை. பார்த்ததும் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. சத்தம் உயர்ந்தது.

"கொக்கிய எடுக்க மறந்துட்டேங்க," என்றார். "நான்தான். நான் மறந்துட்டேன். அதுக்கப்புறம் மறைச்சேன்."

எழுதிக்கொண்டார்கள். கையெழுத்து வாங்கினார்கள்.

சத்தம் நிற்கவில்லை.

அதிகாரி அம்மாவிடம் திரும்பினார். குளிப்பாட்டியபோது ஏதாவது பார்த்தீர்களா என்று கேட்டார். அம்மா தன் உள்ளங்கைகளை விரித்துப் பார்த்தாள்.

"பாத்தேங்க. கழுத்தச் சுத்தித் தீஞ்சிருந்துச்சு. மஞ்சளப் பூசி மறைச்சது நான்தேன். எனக்கு என்ன தண்டனையோ குடுங்க."

சத்தம் தணிந்தது. தணிந்ததே தவிர, அடங்கவில்லை.

கடைசியில் என்னிடம் வந்தார்கள். மனு எழுதியது நீங்களா என்றார்கள். ஆமாம் என்றேன். படித்த பிள்ளை, தைரியமாக எழுதியிருக்கிறீர்கள் என்று அதிகாரி பாராட்டினார். அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தாவணி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்கு இது எப்பத் தெரியும்?"

அக்கா செத்த அன்றே தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். தெரிந்தே அவர் சங்கிலியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அவர் வரிசையில் காய் அறுத்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

"முதலாளிக்குக் கரண்ட் அடிச்ச அன்னைக்குத்தான் சார்," என்றேன்.

சத்தம் எழுந்தது. காதை அடைக்கும்படி எழுந்தது. அதிகாரி எரிச்சலோடு கையை வீசினார். அப்பாஸ் அண்ணன் சுருளைத் தூக்கிச் சாக்கில் திணித்துக்கொண்டு வெளியே ஓடினார். படியில் இறங்கும் அவர் காலடிச் சத்தம் கேட்டது. பிறகு வண்டி கிளம்பியது. அது சாலையைத் தொட்டுப் போயே விட்டது.

அறையில் எல்லோரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். நின்றுவிட்டது என்று அதிகாரி சொன்னார்.

எனக்கு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. என் தாவணிக்குக் கீழே, நெஞ்சுக்குழியில், வெறும் தோலுக்கு அடியில்.