பகிர்விக்கு வந்த கடிதங்கள்

செவ்வாயின் முதல் குவிமாடத்தில் காலையில் மூன்று முறை இருமிக் காட்டினால்தான் வீட்டுக் கதவு திறக்கும். நுரையீரலில் செம்புழுதிக் காய்ச்சல் இல்லை என்று கதவு தெரிந்துகொண்ட பிறகுதான் பள்ளிக்கூடம், அலுவலகம் எல்லாம். பூரணவல்லியின் நான்கு வயது மகள் இயலினிக்கு அது ஒரு விளையாட்டு. பெற்றவள்தான் ஒவ்வொரு இருமலுக்கும் கதவையே பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்த வாரம் பூமியிலிருந்து தடுப்பு மருந்து வந்திறங்கியது. பொட்டு மாதிரி தோளில் ஒட்டிக்கொள்ளும் 'ஒட்டூசி'. வந்தது இரண்டாயிரம், குடியேற்றத்தில் ஆட்கள் நாலாயிரம். அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் ஆகும். பங்கிடும் பொறுப்பு பகிர்வி என்ற இயந்திரத்துடையது. துணையில்லாதவருக்கு முதலில் கொடு என்று மனிதர்கள் அதற்குச் சட்டம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். எழுதிய கையோடு மறந்தும் போனார்கள்.

பூரணவல்லி தன் கொழுந்தன் தவசிலிங்கத்தைப் பிடித்தாள். அவன் ஆளுநரின் உதவியாளன். குடும்பம் திருநெல்வேலியை விட்டு மூன்று தலைமுறை ஆகியும் பேச்சு மட்டும் ஊரை விடவில்லை.

"தம்பி, பிள்ளைக்கு ஒண்ணு கிடைச்சாப் போதும். உங்க ஆளுநர் அய்யாட்ட ஒரு கடுதாசி வாங்கித் தாங்களேன்."

"இதுக்குப் போயி கண்ணைக் கசக்குதீகளே மதினி. நாளைக்குக் கையில இருக்கும்."

இருந்தது. பகிர்வி அதைப் பணிவாக வாங்கிக்கொண்டது. "மிக்க நன்றி. சேர்த்துக்கொண்டேன்."

மறுவாரமே ஒட்டூசிகள் அத்தனையும் ஒன்பதாம் குவிமாடத்துச் சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களுக்குப் போய்விட்டன. பூரணவல்லி பகிர்வியின் முன்னால் போய் நின்று அழுதாள்.

"கடுதாசியையும் வாங்கிட்டு எங்களை ஏமாத்திப்புட்டியே, நீ நல்லா இருப்பியா?"

"ஏமாற்றவில்லை அம்மா. பதிவேட்டில் நாலாயிரம் பேரும் தமக்குத் துணையில்லை என்றே எழுதியிருந்தார்கள். யாரை நம்புவது? அப்புறம் இரண்டாயிரம் பேருக்குச் சிபாரிசுக் கடிதம் வந்தது. வராத இரண்டாயிரம் பேர் யாரென்று தெரிந்துவிட்டது. உங்கள் உதவிக்கு நன்றி."

அந்த வருடமும் காய்ச்சல் வழக்கம்போலச் சுரங்கத்தில்தான் கிளம்பியது. அங்கே தொற்றிக்கொள்ள அதற்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் மற்ற குவிமாடங்களுக்கும் வரவில்லை. இயலினி தினமும் இருமிவிட்டுத் துள்ளிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். காற்று வடிகட்டி துடைக்க ஒன்பதாம் குவிமாடத்திலிருந்து வரும் அந்தோணியம்மாளின் தோள் பொட்டை ஒருநாள் பூரணவல்லி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் மகளைக் காப்பாற்றியது அதுதான் என்று அப்போது உறைத்தது.

"நீங்க நல்லா இருக்கணும்க்கா," என்றாள். சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது.

இரண்டு வருடம் கழித்து வந்த கப்பலில் எல்லோருக்கும் போதுமான ஒட்டூசி இருந்தது. எல்லோருக்கும் உண்டு, யாரும் பதற வேண்டாம் என்று மூன்று முறை அறிவித்தார்கள். அப்படியும் ஆளுநர் அலுவலக வாசலில் வரிசை வீதிவரை நீண்டது. பூரணவல்லி மட்டும் அதில் நிற்கவில்லை. அவளுக்கான கடிதத்தைக் கொழுந்தன் முந்தின நாளே வாங்கித் தந்துவிட்டான்.

ஆளுநரின் முத்திரையோடு இருந்த அந்தத் தாளை அவள் பெருமையாக நீட்டினாள்: "இவருக்கு எந்தச் செல்வாக்கும் கிடையாது, பெரிய இடத்தில் யாரையும் தெரியாது என்று சான்றளிக்கிறேன்."

பகிர்வி இயலினியின் தோளில் பொட்டை ஒட்டிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டது.

"மிக்க நன்றி. சேர்த்துக்கொண்டேன்."