முப்பத்தோரு லிட்டர்

கசிவைப் பிடிப்பதற்காக வைத்திருந்த தகரத் தட்டில் ஒரு சொட்டு டீசல்கூட விழவில்லை. ஆனால் அளவுகோலை உருவிப் பார்த்தால், தொட்டியில் நேற்றைவிட முப்பத்தோரு லிட்டர் குறைந்திருந்தது. மெக்கானிக் தூரிட், கோலைத் துணியால் துடைத்து மறுபடியும் இறக்கிப் பார்த்தாள். அதே அளவுதான்.

அறுபது டன் மீட்பு வண்டி அது. பனிச்சரிவில் சிக்கிக்கொண்ட டாங்கிகளை இழுத்து வருவது. ஒன்பது நாட்களாக ராணுவப் பட்டறையில் நிற்கிறது. அவளும் கூட்டாளி அஸ்லாக்கும் தொட்டியின் வெல்டிங் விளிம்பு முழுக்கச் சாக்பொடி பூசினார்கள். நனைந்தால் பொடி கறுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். கறுக்கவில்லை. தொட்டியை வடித்து, ஆவி போகக் காற்றூதி, பிறகு காற்றடைத்து, சோப்புத் தண்ணீர் தடவினார்கள். ஒரு குமிழி எழவில்லை. வாஷர்களையும் ஹோஸ்களையும் புதிதாக மாற்றி, மறுபடி டீசல் நிரப்பினார்கள். அப்படியும் ஓட்டையே இல்லாத அந்தத் தொட்டி தினமும் குறைந்துகொண்டேதான் வந்தது.

ஓட்டை இல்லையென்றால் திருட்டு. பட்டறைச் சாவியோ இரண்டே பேரிடம்: அவளிடமும் அஸ்லாக்கிடமும்.

காலையில் பட்டறை மேலாளர் ரெய்டார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "அஸ்லாக் புதுசா மீன்பிடிப் படகு வாங்கியிருக்கானாமே?"

"வாங்கினா என்ன? ஊர்ல பாதிப் பேர் படகு வெச்சிருக்காங்க."

"டீசல்ல ஓடற படகாம். மூணு மணி வரைக்கும் பாக்கறேன் தூரிட். கசியற இடத்தக் காட்டு. இல்லேன்னா ராணுவப் போலீசக் கூப்பிட வேண்டியதுதான். அவன் வேலையும் போகும், மானமும் போகும்."

பத்தொன்பது வருஷமாக ஒரே வண்டிக்கு அடியில் அவளோடு படுத்து வேலை பார்த்தவன் அஸ்லாக். அவள் மகளுக்கு ஞானத்தந்தை. அப்படிப்பட்டவன்மேல் ஒரு சந்தேகம் விழுந்துவிட்டால், பாவம், யாருக்குத்தான் தூக்கம் வரும்? நேற்று அவன் வீட்டுக்குப் போன பிறகு, அவனுக்குத் தெரியாமல், தொட்டியில் ஒளிர்சாயத்தை ஊற்றியிருந்தாள். ஊதா விளக்கு பட்டால் பச்சையாக மின்னும் சாயம். கசிந்தால் கசிந்த இடம் மின்னும். யாராவது கை வைத்தால் கை மின்னும். எத்தனை சோப்பு போட்டாலும் நாலு நாளைக்குப் போகாது. கசிவுக்காக ஊற்றினாளா, அவன் கைக்காக ஊற்றினாளா? அதை அவள் தனக்குள்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

மதியம் இரண்டு மணி. சூரியன் எட்டியே பார்க்காத வடதுருவத்து டிசம்பர் மாதம். ஜன்னலுக்கு வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. அஸ்லாக் காப்பி பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு ஓய்வறைக்குக் கிளம்பினான்.

"நீ வரலையாம்மா? பழுப்புச் சீஸ் தீந்துபோச்சுன்னு அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

"நீ போய்யா. லைட்ட அணைச்சுட்டு ஒண்ணு பாக்கணும்."

"உனக்கு வெளிச்சத்துலயே கண்ணு தெரியாது. இருட்டுல என்னத்தப் பாக்கப் போற?"

அவள் சிரித்தாள். அவன் போகும்வரை காத்திருந்தாள்.

மெயின் சுவிட்சை இறக்கியதும், அதுவரை காதில் படாமலிருந்த சத்தங்களெல்லாம் ஒவ்வொன்றாக அவளைச் சுற்றி வந்து நின்றன: கூரை விளிம்பில் பனி உருகிச் சொட்டும் சத்தம், ஹீட்டர் நின்றதில் குளிரும் இரும்பு எங்கோ உள்ளே டிக், டிக் என்று சுருங்கும் சத்தம், டீசலும் ரப்பரும் ஈரக் கோணியும் கலந்த வாடையினூடே அவளுடைய மூச்சுச் சத்தம். ஊதா விளக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். வெல்டிங் விளிம்பு கறுப்பு. ஹோஸ் இணைப்பு கறுப்பு. வடிகால் மூடி கறுப்பு. ஏணியில் ஏறி மேலே விளக்கைக் காட்டினாள்.

எரிபொருள் ஊற்றும் வாயின் மூடியில் நாலு விரல் தடங்கள் பச்சையாக மின்னின.

அடப்பாவி, நீதானா? மூடியைத் திருகி எடுத்தாள். விரல் தடங்கள் வாயின் விளிம்பைத் தாண்டிக் கீழே போயின. வெளியிலிருந்து பிடித்த கை அல்ல. உள்ளேயிருந்து விளிம்பைப் பற்றி ஏறிய கை.

அந்த வாய்க்குள் அவளுடைய முழங்கைகூட நுழையாது.

விளக்கைக் கீழே திருப்பினாள். வண்டியின் பக்கவாட்டில் ஓர் உள்ளங்கை. அதற்கடியில் இன்னொன்று. தரையில் வரிசையாக, ஒன்றன்பின் ஒன்றாக, உள்ளங்கைகள். பூட்ஸ் தடம் ஒன்றுகூட இல்லை. குனிந்து, ஒரு தடத்தின்மேல் தன் கையை விரித்துப் பார்த்தாள். அவள் கை முழுவதும் அதன் உள்ளங்கைக்குள் அடங்கியது. விரல்கள் அதற்கப்பால் நீண்டிருந்தன.

தடங்கள் ஓய்வறைப் பக்கம் போயின.

கதவின் மேல்விளிம்பில் ஒரு கை பதிந்திருந்தது. கதவைத் தள்ளினாள். உள்ளேயும் இருட்டு. மேசையோரம் அஸ்லாக் ரொட்டி மெல்லும் சத்தம்.

"இங்கயும் சேத்தா அணைக்கணும்? காப்பிய மடியில ஊத்திக்கிட்டேன்."

"கையக் காட்டு, அஸ்லாக்."

"எதுக்கு?"

"காட்டுய்யா."

மெல்லும் சத்தம் நின்றது. "டீசல் விஷயமா? என்னையா சந்தேகப்படற?" குரலில் கேலி இருந்தது. அடியில் வலியும் இருந்தது. இரண்டு கைகளையும் நீட்டினான். விளக்கு பட்டது. கறுப்பு. விரல் நுனி, நகக்கண், மணிக்கட்டு எல்லாம் கறுப்பு. ஒரு புள்ளி மின்னவில்லை.

அவன் திருடவில்லை.

கண்ணில் நீர் முட்டியது. மன்னிப்புக் கேட்க அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். விளக்கை மெல்ல உயர்த்தினாள்.

அவன் இரண்டு தோள்களிலும் விரல்கள். பின்னாலிருந்து முன்பக்கம் வளைந்து, மார்பு வரைக்கும். பச்சையாக. ஈரமாக.

அவனுக்குப் பின்னால் வெறும் சுவர்.

"இப்பத் திருப்தியாம்மா? சொல்லு, நான் திருடனா?"

சட்டைத் துணி விரல்களுக்கடியில் அமுங்கியது. கழுத்தில் புதிதாக ஒரு விரல் பதிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அவனுக்குத் தெரியவில்லை.

"ஏன் பேச மாட்டேங்கற? தூரி—"

அவன் வாய்மேல், மூக்கையும் சேர்த்து மூடியபடி, ஒரு முழு உள்ளங்கை பச்சையாக மலர்ந்தது.