திருப்பி வாங்காத பிள்ளை

யுவஸ்ரீயின் மகளுக்கு வைத்த விலை ஒரு முறம் தவிடு. முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவதை யாருக்காவது விற்றுவிட்டால் எமன் அடையாளம் கண்டுகொள்ள மாட்டான் என்று மாமியார் சொல்ல, தெருவுக்குப் பால் ஊற்றும் மீனம்பாள் தவிட்டைக் கொட்டிக் குழந்தையை வாங்கினாள். செஞ்சிக் கடைத்தெருவில் பாத்திரக் கடை வைத்திருக்கும் மாமனார் ராஜகோபால் அதிலும் சும்மா இருக்கவில்லை. “முறம் ரொம்பலையே, இன்னும் ஒரு கை போடும்மா” என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

காசு கொடுத்துப் பிள்ளையைத் திருப்பி வாங்குவதுதான் முறை. அதை மட்டும் அவர் தள்ளிப்போட்டார். “கொழந்த நம்ம ஊட்லதான இருக்குது? நல்ல நாள் பாத்துக் குடுப்போம்.” மீனம்பாளோ தினமும் பால் செம்போடு வாசலில் நின்று, “எம் பொண்ணு இன்னா பண்ணுது?” என்று கேட்பாள். அந்த ‘எம் பொண்ணு’ யுவஸ்ரீக்கு முள்ளாகக் குத்தியது. குழந்தையை வாசலுக்குக் கொண்டுவருவதையே நிறுத்திவிட்டாள். போன மாதம் மீனம்பாள் செத்துப்போனாள்.

இன்று மதியம் யுவஸ்ரீ கூடத்துத் தரையில் உட்கார்ந்து, உடைந்த லேப்டாப் திரையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வேறொரு லேப்டாப்பிலிருந்து எடுத்த பழைய திரையை மாமனார் வாங்கி வந்திருந்தார். கரண்ட் இல்லை. காற்றாடி நின்று, ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிப் பாறை வெயிலில் வெளுத்துக் கிடக்க, முதுகுக்குப் பின்னால் புடவைத் தூளியில் குழந்தை தூங்கும் மூச்சும் கையில் ஸ்குரூ டிரைவர் திருகும் சத்தமும் தவிர வீட்டில் வேறு ஒலியே இல்லை.

வாங்கி வந்த திரையைச் சட்டத்தில் பொருத்தி நிமிர்த்தினாள். ஒயரை இன்னும் சொருகவில்லை. பளபளத்த அந்தக் கறுப்பில் அவள் முகம் தெரிந்தது. பின்னால் தூளியும் தெரிந்தது.

தூளி ஆடிக்கொண்டிருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அசையாமல் தொங்கியது. மறுபடி திரையைப் பார்த்தாள். நிதானமாக, யாரோ தள்ளிவிடும் கணக்கில், ஆடியது. ஈரத் தவிட்டு வாடை மெல்ல வந்து தொண்டையில் ஒட்டியது.

போனை எடுத்தாள்.

“மாமா, இந்த ஸ்கிரீன் யாருது?”

“நம்ம மீனம்பா மவன் இல்ல, அன்புச்செல்வன்? அவன்துதான். பிரிச்சு வித்துட்டான். அந்தம்மா சாவற வரைக்கும் அதுலதான் நம்ம பாப்பா போட்டோவப் பாத்துக்கினு கெடந்துச்சாம். பாதி வெலைக்கு அடிச்சேன்! ஏம்மா, எரியலையா?”

“மாமா, அவங்களுக்குக் காசு குடுத்தீங்களா? பாப்பாவத் திருப்பி வாங்குனீங்களா?”

“செத்தவங்களுக்கு எங்கம்மா போய்க் குடுக்கறது? வுடு, அது முடிஞ்ச கத.”

போன் கையிலிருந்து நழுவியது. திரைக்குள், தூளிக்கு அடியில், ஒருத்தி சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தூளியின் விளிம்பில். முகம் குழந்தையின் பக்கம்.

யுவஸ்ரீ கைவளையலை இழுத்துக் கழற்றினாள். புறங்கைத் தோல் உரிந்தது. திரையின் முன் வைத்தாள்.

“எடுத்துக்கோங்க. தங்கம்தான். இன்னும் இருக்குது, எல்லாத்தயும் தரேன். எம் பொண்ணக் குடுத்துடுங்க.”

மீனம்பாள் வளையலைப் பார்க்கவில்லை. விலையே கேட்காதவளிடம் என்ன பேரம் பேசுவது?

அவள் எழுந்தாள். தூளிக்குள் குனிந்தாள். இரண்டு கைகளாலும் அள்ளினாள்.

குழந்தை சிரித்தது. சத்தம் பின்னாலிருந்து வரவில்லை. திரையிலிருந்து வந்தது.

யுவஸ்ரீ திரும்பினாள். தூளிப் புடவை கனமில்லாமல், தட்டையாகத் தொங்கியது. விரித்தாள். உதறினாள். சூடு மட்டும் இருந்தது.

கறுப்புக் கண்ணாடியில் மூன்று பேர்: தூளியைப் பிடித்தபடி யுவஸ்ரீ, அவளுக்குப் பக்கத்தில் மீனம்பாள், மீனம்பாள் தோளில் குழந்தை.

கூடத்தில் ஒருத்தி.