வாசலுக்கு மேலே ஒரு தேன்சிட்டு

"திங்கட்கிழமை ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். 'டிஸ்டர்ப்' என்ற சொல் அதில் வர வேண்டும். புத்தகத்தைப் பார்க்கக் கூடாது. உங்கள் வீட்டில் உண்மையாகவே நடந்ததாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டார் ஆங்கில ஆசிரியை கோமளா.

தேவமலருக்குச் சிரிப்பு வந்தது. அவள் வீட்டில் அந்தச் சொல்லுக்கா பஞ்சம்? அப்பா சாமிநாதனுக்குத் தஞ்சோங் கிளிங் கடற்கரை ஓட்டலில் இரவு வேலை. பகலெல்லாம் தூக்கம். "அப்பாவ டிஸ்டர்ப் பண்ணாத மலரு" என்று அம்மா காலையில் சொல்வார். மத்தியானம் அறைக்குள்ளிருந்து அப்பாவே சொல்வார். தட்டை மெல்ல வைத்தாலும் சொல்வார்.

ஆனால் அது தினமும் நடப்பது. புதிதாக ஒன்று சொன்னால் நன்றாக இருக்குமே!

சனிக்கிழமை காலை வாசற்படியில் உட்கார்ந்து யோசித்தாள். கடற்காற்று கண்ணைச் செருக வைத்தது. யோசனை எங்கெங்கோ போனது. காற்று மேகத்தை டிஸ்டர்ப் செய்கிறதா, இல்லை கை பிடித்துக் கூட்டிப் போகிறதா? தூங்கும் மீனை அலை எழுப்பிவிடாதா?

அப்போது தலைக்கு மேல் ஏதோ அசைந்தது.

பொங்கலுக்குக் கட்டிய மாவிலைத் தோரணம் காய்ந்து சுருண்டு தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த விசேஷம் வரும்வரை அவர்கள் வீட்டில் பழைய தோரணத்தை அவிழ்ப்பதில்லை. அந்த இலைகளுக்கு நடுவே, நாரும் பஞ்சும் சேர்த்துப் பின்னிய ஒரு சின்னப் பை. அதன் பக்கத்தில் ஓர் ஓட்டை. ஓட்டையிலிருந்து வளைந்த அலகு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

தேன்சிட்டு!

அந்த நேரம் பார்த்து அம்மா கமலவேணி கதவைத் திறந்தார். சிட்டு விருட்டென்று ரம்புத்தான் மரத்துக்குப் பறந்தது.

"நகரு மலரு. நாளைக்கு நம்ம வீட்டுல திலகா சின்னம்மாவுக்கு வளைகாப்பு. பழைய தோரணத்த அவுக்கணும்" என்றார் அம்மா. பின்னாலேயே அப்பா தூக்கக் கலக்கத்தோடு வந்து, கையில் கத்தியுடன் முக்காலியில் ஏறினார்.

"அப்பா! டிஸ்டர்ப் பண்ணாதீங்க!"

அப்பா அப்படியே நின்றார். "நான் சொல்றத நீ சொல்றியா?"

மலர் கூட்டைக் காட்டினாள். அப்பா எட்டிப் பார்த்தார். "அட, உள்ள முட்ட இருக்கு லா!"

"அதுக்கு என்ன பண்றது?" என்றார் அம்மா. "வளைகாப்புக்கு வர்ற பொண்ணு காஞ்ச தோரணத்துக்குக் கீழயா வருவா?"

"கூட்டத் தூக்கி மரத்துல கட்டிரலாமா?" என்றார் அப்பா.

"அம்மாச் சிட்டு அங்க வராமப் போயிட்டா?" என்று மலர் கேட்டாள். "மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்கம்மா."

மரத்தடியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். சிட்டு மெல்லத் திரும்பி வந்தது. ரொட்டிக்காரர் ஹாரன் அடித்தார். சிட்டு அசையவில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் உறுமியது. அதற்கும் அசையவில்லை. முன் கதவு திறந்தபோது மட்டும் பயந்து பறந்தது. திரும்பி வர வெகு நேரம் ஆனது.

மலர் சமையலறைக்கு ஓடினாள். "அம்மா, கதவுக்கு மட்டும்தான் அது பயப்படுது! நாளைக்கு முன் கதவத் தொறக்க வேணாம். இந்தப் பக்கக் கதவுல புதுத் தோரணம் கட்டலாம். கோலமும் இங்கயே போடுறேன்."

"சமையக்கட்டு வழியாவா கூட்டிட்டு வர்றது? சின்னம்மா மனசு சங்கடப்படாதா?"

அதுவும் நியாயம்தான். சின்னம்மா வருத்தப்பட்டால் மலருக்கும் பிடிக்காது. அதனால் பாயா ரும்புட்டில் இருக்கும் சின்னம்மாவிடமே போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். "உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம் சின்னம்மா. நெஜத்தச் சொல்லுங்க."



"நேத்து பாப்பா ஒதச்சுக்கிட்டே இருந்துச்சு மலரு" என்றார் சின்னம்மா. "அப்புறம் தூங்கிருச்சு. அசைஞ்சா முழிச்சிக்குமோன்னு நான் அப்படியே உக்காந்திருந்தேன். அந்த அம்மாச் சிட்டும் அப்படித்தான உக்காந்திருக்கும்? நான் சமையக்கட்டு வழியாவே வரேன். வாசமாவது நல்லா இருக்கும்!"

மலருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

ஞாயிற்றுக்கிழமை விருந்தினர் எல்லாரும் பக்கக் கதவு வழியாகத்தான் வந்தார்கள். வந்தவர்கள் கூடத்துக்குப் போனால்தானே! புளிச்சாதத்தில் உப்பு பார்க்க நின்றார் ஒருவர். தம்புசாமி மாமா எதையோ மறந்துவிட்டதாக வெளியே போய்ப் போய்த் திரும்பி வந்தார். வடைத் தட்டு பாதி காலியானது.

சின்னம்மாவின் கைகளில் வளையல்கள் குலுங்கின. மலர் சன்னல் வழியாகப் பார்த்தாள். காய்ந்த தோரணத்தில் அந்த வளைந்த அலகு அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் எழுந்து நின்றாள். "வீ டிட் நாட் டிஸ்டர்ப் தி மதர், டீச்சர்."

"எந்த மதர்?"

"எங்க வாசலுக்கு மேல இருக்காங்க டீச்சர்."

வகுப்பே சிரித்தது. மலர் முழுக் கதையையும் சொன்ன பிறகு, எல்லாருக்கும் அந்தக் கூட்டைப் பார்க்க ஆசை வந்துவிட்டது.

அன்று மாலை அப்பா வேலைக்குக் கிளம்பினார். காலில் போட வேண்டிய சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் வீட்டைச் சுற்றி வந்தார். மோட்டாரைக் கிளப்பாமல் தெருக்கேட்டு வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.

"அப்பா, மோட்டார் சத்தத்துக்கெல்லாம் அது பயப்படாதுப்பா!"

"உஷ்!" என்றார் அப்பா.