கிருபாநிதிக்கு இன்னும் அனுமதி உண்டு

சனிக்கிழமை மதியச் சோற்றுக்குப் பிறகு இணையத்தில் வம்ச விக்கியைத் திறந்து, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பவுல் சாரின் பக்கத்தில் 'திருத்து' என்பதைத் தட்டிய ஜெப்ஸி, மேலே வந்து நின்ற மஞ்சள் கட்டத்தைப் பார்த்துக் கொட்டாவியைப் பாதியில் நிறுத்தினாள்.

'இவர் இன்று பிற்பகல் 2.50க்குக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். மரியாதையுடன் திருத்தவும்.'

மணி இன்னும் இரண்டுகூட ஆகவில்லை. அறிவிப்பை இட்டவர் கிருபாநிதி. அவரைப் புதைத்து நான்கு மாதம்.

பவுல் சாருக்குப் போன் போட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னவர், தன் பக்கத்தில் 'சிறந்த பேச்சாளர்' என்பதை மட்டும் அழித்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நாசரேத்துக் குடும்பங்கள் கூடி எழுதும் அந்த வம்ச விக்கியில், திருத்த வருகிறவர்கள் கண்ணில் படும்படி அறிவிப்பு வைக்கும் அனுமதி பதினோரு பேருக்கு உண்டு. ஒன்பது பேருக்குக் கடவுச்சொல் தெரியாது. ஆனாலும் அந்தப் பதவியை விசிட்டிங் கார்டில் போட்டிருந்தார்கள். அனுமதி கொடுக்கிற, எடுக்கிற வேலை மட்டும் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கிளியரிங் ஆபீசில் இருக்கும் ஜெப்ஸியின் தலையில்.

கிருபாநிதியின் அனுமதியை எடுத்துவிடலாமா என்று விக்கிக் குழுத் தலைவர் விஜயராஜ் அண்ணாச்சியிடம் கேட்டாள்.

"ஏளா, கல்லறையிலயே 'அறிவிப்பு அனுமதியாளர்'னு வெட்டியிருக்காவ. நீ இங்கன எடுத்துட்டா அங்கன கல்ல யாரு மாத்துவா?"

மூன்று மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. பவுல் சார், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, சரியாக இரண்டு ஐம்பதுக்கு. அண்ணாச்சி தம் ஏழு பதவிகளையும் போட்டு இரங்கல் தெரிவித்திருந்தார்.

ஆபீசில் வேறு யாரும் இல்லை. ஏசி வாளியில் சொட்டியது, வெளியே கன்டெய்னர் லாரிகள் உறுமின, ஜன்னல் இடுக்கில் நுழைந்த உப்புக்காற்றோடு கோடாலித் தைலத்தின் நெடியும் மெல்ல வந்து சேர்ந்தது. கிருபாநிதி நெற்றி நிறையப் பூசுவார். சனிக்கிழமைதோறும் இந்தப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் அறிவிப்பு தட்டுவார்.

கல் கிடக்கட்டும். அவர் பெயருக்கு எதிரே இருந்த டிக்கை எடுத்தாள். சேமித்தாள்.

பட்டியல் மறுபடி வந்தது. கிருபாநிதி இருந்தார்.

ஜெப்ஸி இல்லை.

தன் பக்கத்தைத் திறந்தாள். மஞ்சள் கட்டம். இன்றைய தேதி. நேரத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

பக்கத்து மேசையில் யாரும் இல்லை. நெடி மட்டும்.

அங்கிருந்த விசைப்பலகையில், எழுத்தைத் தேடும் விரலின் பழைய நிதானத்தோடு, நான்காம் எண் அமுங்கியது.